பெற்றோரைப் பேண ஒரு விடுமுறை

பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வந்து, நெடுந்தொலைவிலுள்ள இக்குடியிருப்பில் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்களுக்கு, விடுமுறை என்னும் சொல் ஓய்வை மட்டும் குறிப்பதன்று. ஊருக்குச் செல்வதும், அங்கே முதுமையுற்றிருக்கும் தாய் தந்தையரைக் காண்பதும், அவர்தம் கண்ணுக்கும் காலுக்கும் மருத்துவம் பார்ப்பதும், ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் ஆகிய எல்லாம் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்த நாட்கள் அந்த ஒரு பயணத்தில் செலவாகின்றன. அதன் பின்னர் ஊரிலிருந்து நோய்ச் செய்தி வருமாயின், கையிருப்பில் நாட்கள் இல்லாமல் கலங்குவோர் நம்மிடையே பலர்.

முதியோரைப் பேணுவதற்கென்றே ஊதியத்துடன் கூடிய தனி விடுமுறை உலகில் எங்கே, எப்போது தோன்றியது? நம் நாட்டுச் சட்டங்களில் அதற்கு இடம் உண்டா? சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது, நம் எல்லோர்க்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

விடுமுறை வந்த வழி

தொழிலாளிக்கு ஓய்வு நாள் தானாக வந்துவிடவில்லை. 1881-ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் தொழிற்சாலைச் சட்டம், பெரும்பாலும் சிறுவர்களின் வேலை நேரத்தையே கருத்திற் கொண்டது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்தோர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்தார். 1890-இல் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு இசைந்தனர். மறு ஆண்டில் வந்த சட்டம் வார ஓய்வை உறுதி செய்தது.

அரசாங்க ஊழியர் நிலை வேறு. 1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் அவர்களுக்குப் பலவகை விடுப்புகளை வகுத்தன. எனினும், விடுப்பை எவரும் உரிமையாகக் கோர இயலாது என்னும் கொள்கையும் அவ்விதிகளோடு சேர்ந்தே வந்தது. மத்திய அரசு ஊழியர்க்கான 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகளிலும் அக்கொள்கை இடம் பெற்றுள்ளது. விடுப்பு என்பது மேலதிகாரி மனமுவந்து வழங்குவது என்ற எண்ணம் நம் காரியாலயங்களில் ஆழமாகப் பதிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1936-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், ஆண்டுக்கு ஆறு வேலை நாட்களேனும் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க வேண்டுமென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், 1945-இல், நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஊதிய விடுமுறை சேர்க்கப்பெற்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் என்ற கணக்கை வகுத்தது.

அதே 1948-இல் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டமும் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று பண்டித நேரு கான்பூரில் அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நோயுற்று வேலைக்கு வர இயலாத தொழிலாளிக்கு, முதலாளியின் தயவை எதிர்பாராமல், பொது நிதியிலிருந்து பணம் கிடைக்க வழி பிறந்தது.

பிள்ளை பெறும் தாய்க்குரிய விடுமுறை இதற்கு முன்னரே தோன்றியிருந்தது. 1929-இல் பம்பாய் மாகாணமும், 1934-இல் சென்னை மாகாணமும் மகப்பேற்றுச் சட்டங்களை இயற்றின. 1961-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 12 வாரமாக இருந்த அவ்விடுமுறை 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 1997-இல் 15 நாள் விடுப்புக் கிடைத்தது. குழந்தைகளை வளர்க்கவும் படிக்க வைக்கவும் பெண் ஊழியர்க்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் விடுப்பு 2008 முதல் வழங்கப்பட்டது. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்க்கும் அது பின்னர் விரிந்தது.

இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். உழைப்பவனின் உடல் களைப்பு முதலில் கவனிக்கப்பட்டது, அடுத்துத் தாய்மை, பின்னர் அவன் நோய், பின்னர் குழந்தை. நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வளர்ச்சியில் முதியவர் எங்கும் தனியே குறிக்கப்படவில்லை.

ஊருக்குச் செல்லும் சலுகை

நம் போன்ற புலம்பெயர்ந்தோரை நேரே தொட்ட ஏற்பாடு ஒன்று 1956 அக்டோபரில் வந்தது. சொந்த ஊரை விட்டு வெளியூரில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர், இரண்டாண்டுக்கு ஒரு முறை குடும்பத்துடன் ஊர் சென்று திரும்ப இரயில் கட்டணச் சலுகை பெற்றனர். தில்லியிலும் பிற வடநாட்டு நகரங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஏறித் தாத்தா பாட்டியைக் காணச் சென்றதற்கு இச்சலுகை பெருந்துணை புரிந்தது. ஆனால் அரசாங்கம் தந்தது பயணச் செலவுதான். செல்வதற்குரிய நாட்களை ஊழியர் தம் விடுப்புக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும்.

அண்டை நாடான சீனம் இதில் ஒரு படி மேலே சென்றது. பெற்றோரைப் பிரிந்து வெளியூரில் உழைக்கும் அரசுத் துறைத் தொழிலாளர்க்கு, அவர்களைக் காணச் செல்வதற்கென்றே ஊதியத்துடன் விடுமுறை அளிக்கும் விதியை 1981-இல் புதுப்பித்து வெளியிட்டது. மணமாகாதவர்க்கு ஆண்டுக்கு ஒரு முறை 20 நாள். மணமானவர்க்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை 20 நாள். மணமானவுடன் பெற்றோரின் பங்கு நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுவதை வாசகர்கள் கவனித்திருப்பர். பெற்றோர் தளர்வதோ பெரும்பாலும் பிள்ளைகள் மணமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே.

ஜப்பான் கண்ட அனுபவம்

முதியோரைப் பேணும் விடுமுறையை விரிவாக ஆராய்ந்து சட்டமாக்கிய நாடுகளில் ஜப்பானை முதலில் கூறலாம். 1972-இல் சவாகோ அரியோஷி என்ற எழுத்தாளர், நினைவிழந்த மாமனாரைப் பேணும் வேலைக்குச் செல்லும் மருமகளின் கதையை நாவலாக எழுதினார். அது இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. வீட்டுக்குள் மறைந்திருந்த ஒரு துன்பம் நாட்டின் பேச்சாயிற்று.

1991-இல் குழந்தை வளர்ப்பு விடுமுறைச் சட்டத்தை ஜப்பான் இயற்றியது. 1995-இல் அச்சட்டத்திலேயே குடும்பத்தாரைப் பேணும் விடுமுறையும் சேர்க்கப்பெற்று, 1999 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தலாயிற்று. தாய் தந்தையர் மட்டுமின்றி வாழ்க்கைத் துணையின் தாய் தந்தையரும் அதில் அடங்குவர். பின்னர் வந்த திருத்தத்தால், பேணப்படும் ஒருவருக்கு மொத்தம் 93 நாள் என்று அளவு நிலைபெற்றது. இந்நாட்களுக்குரிய பணத்தை முதலாளி தருவதில்லை. தொழிலாளரும் முதலாளிகளும் செலுத்தும் இன்ஷூரன்ஸ் நிதி தருகிறது. தொடக்கத்தில் ஊதியத்தில் 25 விழுக்காடாக இருந்த உதவி, பின்பு 40 ஆகி, 2016 ஆகஸ்டில் 67 விழுக்காடாயிற்று.

93 நாள் எதற்குப் போதும் என்று கேட்கலாம். முதுமையின் நோய் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியதன்றோ? ஜப்பானியர் இவ்விடுமுறையை இறுதி வரை உடனிருந்து பணிவிடை செய்வதற்காக வகுக்கவில்லை. மருத்துவரைக் கலந்து பேசவும், வீட்டை முதியவர்க்கு ஏற்ப மாற்றவும், உதவியாளரை அமர்த்தவும், குடும்பத்தார் பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளவும் ஆகும் காலமாக இதனைக் கருதினர். அதன் பின்னர் அன்றாடப் பணிவிடைக்குத் துணையாக, 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் முதியோர் பராமரிப்பு இன்ஷூரன்ஸ் திட்டம் ஒன்றைத் தனியே தொடங்கினர். விடுமுறையும் பராமரிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அப்படியிருந்தும் அங்கே குறை தீர்ந்துவிடவில்லை. பேணும் பொறுப்பினால் வேலையையே விட்டு விலகுவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் என்று அரசாங்கத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. சட்டம் தந்த விடுமுறையைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே. உடன் பணிபுரிவோர்க்குச் சுமையாகிவிடுவோமோ என்ற தயக்கமும், இப்படியொரு விடுமுறை உண்டென்பதை அறியாமையும் இதற்குக் காரணங்களாக எடுத்துரைக்கப்பட்டன. ஆகவே, 93 நாளை மூன்று பகுதியாகப் பிரித்து எடுத்துக்கொள்ள 2017-இல் வழி செய்தனர். பேணும் பொறுப்பு நேர்ந்ததைத் தெரிவிக்கும் ஊழியரிடம் நிறுவனமே இவ்வேற்பாட்டை எடுத்துக்கூற வேண்டும் என்ற கடமையை 2025 ஏப்ரல் முதல் விதித்தனர்.

மேனாடுகளில்

சுவீடன் 1989-இல் இத்தகைய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. உயிருக்கு ஆபத்தான நோயில் கிடப்பவரின் அருகிலிருக்க, முதலில் 30 நாளும், பின்னர் படிப்படியாக உயர்ந்து 100 நாளும் உதவிப்பணம் கிடைத்தது. அங்கே நெருங்கியவர் என்பதற்கு இரத்த உறவு கட்டாயமன்று. நண்பரும் அண்டை வீட்டாரும் அதில் அடங்குவர். உற்றார் ஊரில் இருக்க, அண்டை வீட்டாரையே உறவாகக் கொண்டு குடியிருப்பில் வாழும் நமக்கு அதன் அருமை எளிதில் விளங்கும்.

அமெரிக்காவில் 1993-இல் குடும்ப, மருத்துவ விடுமுறைச் சட்டம் வந்தது. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்களில், நோயுற்ற தாய் தந்தையரைப் பேண 12 வாரம் வேலை காப்பாற்றப்படும், ஊதியம் கிடையாது. மாமனார் மாமியாருக்கு அச்சட்டத்தில் இடமில்லை. ஊதியமில்லாத விடுமுறை, சேமிப்பு உள்ளவனுக்கே பயன்படும் என்பது விரைவில் தெரிந்தது. கலிபோர்னியா மாநிலம் 2002-இல் இக்குறையைப் போக்கச் சட்டம் இயற்றி, 2004 ஜூலை முதல் ஆறு வாரம் ஊதிய உதவி வழங்கியது. தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து செலுத்தும் சிறு தொகையே இதற்கு நிதி. 2014-இல் மாமனார் மாமியாரும் உடன்பிறந்தாரும் தாத்தா பாட்டியும் சேர்க்கப்பட்டனர். 2020-இல் ஆறு வாரம் எட்டு வாரமாயிற்று. இவ்வுதவியைப் பெற்றோருள் பெரும்பாலோர் பச்சிளங் குழந்தைக்காகவே அதைப் பெற்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. முதியோருக்கென விடுமுறை கேட்கும் வழக்கம் சட்டம் வந்த பின்னும் மெல்லவே வளர்கிறது.

ஜெர்மனியில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம், திடீரெனப் பராமரிப்புத் தேவை நேர்ந்தால் பத்து நாள் வரை வேலைக்கு வராதிருக்கும் உரிமையைத் தந்தது. அந்நாட்களுக்குரிய பணம் 2015 முதல் கிடைத்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஆண்டுக்கு ஒரு வாரத்தை ஊதியமின்றி அளித்தது.

பொருள் தரும் கடமையும் பொழுது தரும் கடமையும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பெற்றோரைப் பேணும் கடமையை நம் சட்டங்கள் மறந்துவிடவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் முதிய பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பை மகனுக்கும் மகளுக்கும் வைத்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எல்லா மதத்தினர்க்கும் இக்கடமையை விரித்தது. மணமான மகளும் இதற்கு விலக்கல்லள் என்று சுப்ரீம் கோர்ட் 1987-இல் தீர்ப்பளித்தது. 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் நல்வாழ்வுச் சட்டம் வந்தது. வக்கீல் வைத்து வழக்காட இயலாத முதியவர்க்கென அது தனித் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியது. மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத் தரவும், முதியவரைக் கைவிட்டவர்க்கு மூன்று மாதம் வரை சிறை விதிக்கவும் இடம் செய்தது.

உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகிய நான்கையும் அச்சட்டம் ஜீவனாம்சம் என்னும் சொல்லுள் அடக்கிற்று. அவற்றைத் தாய் தந்தையரின் கையில் கொண்டு சேர்க்க ஒரு மனிதன் வேண்டும். அம்மனிதனுக்கு நாட்கள் வேண்டும். அந்நாட்களைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் கூறவில்லை. பெற்றோரைக் கைவிடுவது குற்றம் என்று மகனிடம் கூறும் சட்டம், அவனை ஒரு வாரம் ஊருக்கு அனுப்பி வை என்று முதலாளியிடம் கூறுவதில்லை.

தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்திலும் இந்த இடைவெளியைக் காணலாம். தொழிலாளியை அண்டி வாழும் பெற்றோருக்கு அத்திட்டத்தில் மருத்துவம் உண்டு. தாயை அம்மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகனோ மகளோ இழக்கும் அன்றைய கூலிக்கு ஈடு கிடையாது.

மத்திய அரசு ஊழியர் நிலை சற்று மேலானது. ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு ஆகியவற்றை முதிய பெற்றோரைப் பேணுவதற்கும் பயன்படுத்தலாம் என்று 2025 ஜூலையில் ராஜ்ய சபையில் அரசாங்கம் விளக்கியது. இது பயனுள்ள விளக்கமே. எனினும் தனி விடுப்பு அன்று. வேறு தேவைகளுக்குரிய பானையிலிருந்து அள்ளிக்கொள்ளும் அனுமதியே. தில்லியிலிருந்து நெல்லைச் சீமைக்குச் சென்று திரும்ப இரயிலில் மட்டும் நான்கு நாட்கள் கழிந்துவிடும். எட்டு நாள் தற்செயல் விடுப்பில் எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாநிலங்களுள் அஸ்ஸாம் ஒரு முன்முயற்சி செய்தது. பெற்றோரைப் புறக்கணிக்கும் அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துப் பெற்றோருக்கே கொடுக்க 2017-இல் சட்டம் இயற்றியது. 2022 ஜனவரியில், பெற்றோருடனும் மாமனார் மாமியாருடனும் பொழுதைக் கழிக்கவென்றே ஊழியர்க்கு இரண்டு நாள் சிறப்பு விடுப்பு அளித்தது. 2024 நவம்பரிலும் அவ்வாறே செய்தது. இரண்டு நாள் சிறிதெனினும், பெற்றோருக்குரிய நாள் என்று பெயரிட்டு ஓர் அரசாங்கம் விடுப்பு வழங்கியது குறிப்பிடத் தக்கது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஊதிய விடுமுறை பெற ஆண்டில் 240 நாள் உழைத்திருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு 180 நாளாகக் குறைந்தது. முதியோரைப் பேணும் தனி விடுமுறைக்கு அவற்றிலும் இடம் அமையவில்லை.

யார் சுமக்கின்றனர்?

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இந்தியாவில் 60 வயது கடந்தோர் ஏறத்தாழ 10 கோடியே 40 இலட்சம் பேர். நாட்டு மக்களில் அவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல்.  அவர்களைப் பேணுவோர் பெரும்பாலும் பெண்கள். நாட்டு மக்கள் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று 2024-இல் எடுத்த கணக்கில், வீட்டாரைப் பேணும் பணியில் ஈடுபட்ட பெண்கள் 15 முதல் 59 வயதுக்குட்பட்டோருள் நூற்றுக்கு 41. ஆண்கள் நூற்றுக்கு 21. ஊதியத்துடன் விடுமுறை இல்லாத இடத்தில், குறைந்த சம்பளம் பெறுபவரே வேலையை விடுகின்றனர். அவர் பெரும்பாலும் மருமகளாகவோ மகளாகவோ இருக்கிறார்.

நாட்டில் உழைப்போர் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அமைப்புசாராத் தொழிலில் உள்ளனர். அவர்களுக்கு எந்த விடுமுறையும் இல்லை. நம் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் எங்கோ ஒரு கிராமத்தில் முதிய தாய் இருக்கிறாள் என்பதை நாம் மறத்தலாகாது. சட்டம் வரும் வரை காத்திராமல், நம் வீட்டளவிலேனும் அவளுக்குக் கூலி பிடிக்காத சில நாட்களை நாம் தரலாம்.

நாம் கேட்க வேண்டியது

இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்கள் தெளிவானவை. ஊதியமில்லா விடுமுறை ஏழைக்கு எட்டாது. முதலாளி ஒருவர் தலையிலேயே செலவைச் சுமத்தினால், பொறுப்புள்ளோரை வேலைக்கு அமர்த்த அவர் தயங்குவார். பொது நிதியே ஏற்ற வழி. விடுமுறையைப் பிரித்து எடுத்துக்கொள்ள வசதி வேண்டும். மாமனார் மாமியார் விலக்கப்படலாகாது. மகனும் மகளும் சமமாக அதைப் பெற வேண்டும்.

இவற்றுக்குப் புதிய அடித்தளம் தேட வேண்டுவதில்லை. 1952-இல் கான்பூரில் தொடங்கிய இன்ஷூரன்ஸ் நிதி, நோயுற்ற தொழிலாளிக்குத் தரும் உதவியைப் போலவே, பெற்றோர் நோயுற்ற நாட்களுக்கும் ஓர் அளவு உதவி தரச் சட்டத்தைத் திருத்தலாம். அரசு ஊழியர்க்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு இருப்பதைப் போலப் பெற்றோர் பராமரிப்பு விடுப்பு ஒன்றைப் பணிக்காலம் முழுமைக்கும் கணக்கிட்டு வழங்கலாம். 1981-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்க்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றது. குழந்தைகளோடு முதியோரையும் கருதும் அவ்வுடன்படிக்கையில் நம் நாடு சேரும்படி கோரலாம்.

செலவு மிகும், பொய் சொல்லி விடுமுறை எடுப்பர் என்ற மறுப்புகள் எழும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கேட்டபோதும் மகப்பேற்று விடுமுறை கேட்டபோதும் இத்தகைய மறுப்புகள் எழுந்தன. ஆலைகள் நின்றுவிடவில்லை.

நம் சங்கத்து உறுப்பினர் பலர் தத்தம் அலுவலகங்களில் ஊழியர் சங்கங்களிலும் பொறுப்பேற்றுள்ளனர். சம்பள உயர்வும் பஞ்சப்படியும் கேட்கும் மனுக்களில் இக்கோரிக்கையையும் ஒரு வரியாகச் சேர்க்குமாறு அவர்களை வேண்டுகிறோம். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பத் தவறாத குடும்பங்கள் நம்முடையவை. பணத்தோடு நாமும் சென்று சில நாள் உடனிருக்க உரிமை கிடைக்குமாயின், ஊரில் நம்மை எதிர்நோக்கி இருப்போர்க்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.